வேளாங்கண்ணிக்குப் போகாத இரண்டு நாள்

ஆஸ்பத்திரி வாசலில் ரெஜினா அண்ணி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள். ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்குக் கட்டுச்சோறு கட்டித் தருவதுபோல எனக்கு ஒரு பொய்யைக் கட்டித் தந்தாள்.

"இங்க பாரு பிலோமி, நீ அவர பாக்க வர்ல. வேளாங்கண்ணிக்கு நேர்த்திக்கடன், போற வழியில எட்டிப் பாத்துட்டுப் போறே. அவருக்குக் காமாலைனுதான் சொல்லிக்கீறோம். மூஞ்ச தொட."

என் அண்ணன் சூசைக்கு வந்திருந்தது காமாலை இல்லை. கண்ணும் தோலும் மஞ்சளாகியிருந்தது உண்மைதான். ஆனால் காரணம் கல்லீரலில் புற்றாக இருந்தது. டாக்டர் அண்ணியிடம் மாதக் கணக்குச் சொல்லவில்லை, வாரக் கணக்குச் சொல்லியிருந்தார். அண்ணி அதை அண்ணனைத் தவிர எல்லோருக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டாள்.

நான் பிறந்தது ராயபுரத்தில். இருபத்து மூன்று வயதில் கலியாணமாகி மலேசியாவில் கிள்ளானுக்குப் போனேன். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சிற்றுண்டிச்சாலை நடத்துகிறேன். பள்ளி விடுமுறை ஒரு வாரம். போகவர ஆகும் நேரம் கழித்தால் அண்ணனோடு இருக்க எனக்குக் கிடைத்தது ஐந்து நாள், அதுவும் ஒன்பது வருஷம் கழித்து.

அண்ணியின் பயத்துக்கு நியாயம் இருந்தது. எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கணக்கு உண்டு. வீட்டில் ஒருவர் படுத்திருக்கும்போது, கலியாணமும் இல்லாமல் திருவிழாவும் இல்லாமல் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஆள் வந்து இறங்கினால், அன்றைக்கே பந்தல்காரனுக்கும் செய்தி போய்விடும். என் முகமே அண்ணனுக்கு மரணச் செய்தியாகிவிடும் என்று அண்ணி நினைத்தாள். ஆறுதல் சொல்லக் கடல் தாண்டி வந்தவளுக்கு இது நல்ல வரவேற்புதான்.

ஆண்கள் வார்டில் பன்னிரண்டு கட்டில்கள். ஜன்னல் பக்கம் நான்காவது கட்டிலில் அண்ணன் இருந்தான். முப்பது வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன், இரண்டு பேர் உட்காரும் நாற்காலியில் தனியாக உட்காருகிறவன். இப்போது போர்வைக்குள் ஆள் இருக்கிறானா என்று தேட வேண்டியிருந்தது. கண் மட்டும் பெரிதாக, பழுத்த மஞ்சளில் இருந்தது.

என்னைப் பார்த்தான். என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தான்.

"இன்னா பிலோமி, திடீர்னு?"

"வேளாங்கண்ணிக்கு ஒரு நேர்த்திக்கடண்ணா. அப்படியே உன்னைப் பாத்துட்டுப் போலாம்னு."

அவன் தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தான். "மாதாவுக்கா? நல்லதாச்சு. எப்போ போறே?"

இந்தக் கேள்வி வரும் என்று அண்ணியும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. "நாளைக்கழிச்சி" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற அண்ணி புடவைத் தலைப்பை முறுக்கினாள்.

பக்கத்துக் கட்டிலில் ஓர் ஆந்திரா லாரிக்காரர். தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. அம்மாவோடு போனில் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். ராயபுரத்தில் வளர்ந்தவர்களுக்குப் பாதித் தெலுங்கு புரியும். "எனக்கு ஒன்றுமில்லை அம்மா, லாரிக்குத்தான் அச்சு முறிந்துவிட்டது. சாமான் வரவேண்டும், அதனால்தான் வர நாளாகிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வார்டில் நான் ஒருத்திதான் பொய் சொல்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்கு அண்ணனின் காலைப் பிடித்துவிட்டபடி ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தேன். பார்வையாளர் நேரம் நான்கிலிருந்து ஆறு. மற்ற நேரத்தில் நோயாளிக்கு ஒருத்தர்தான் உடனிருக்கலாம், அந்த அட்டை அண்ணியின் கழுத்தில் தொங்கியது. கிள்ளானிலும் ஆஸ்பத்திரியில் நேரக்கட்டுப்பாடு உண்டு. ஆனால் அங்கே மணியடித்தால் ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள். இங்கே காவலாளி ஒவ்வொரு கட்டிலாக வந்து, "அம்மா போம்மா, ஐயா போய்யா, நாளைக்கும் ஆஸ்பத்திரி இங்கதான் கீது" என்று கெஞ்சவேண்டியிருந்தது. நாளைக்கும் ஆஸ்பத்திரி இருக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இரண்டாம் நாள் எண்ணூர் சாலை என்னைத் தின்றது. அண்ணன் குடும்பம் ராயபுரம் வாடகை கட்டுப்படியாகாமல் திருவொற்றியூருக்கு மாறியிருந்தது, நான் தங்கியதும் அங்கேதான். ராயபுரம் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக மதியம் இரண்டரைக்கே ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பத்து நிமிஷத்தில் முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி, பின்னால் ஒரு கண்டெய்னர் லாரி, இடப்பக்கம் ஒன்று. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் வரிசையாம். ஓட்டுநர்கள் இறங்கி சக்கரத்தின் நிழலில் சோறு தின்றார்கள், ஒருவர் சட்டை துவைத்துக் கண்ணாடியில் காயப்போட்டிருந்தார். எங்கள் கிள்ளான் துறைமுகச் சாலையிலும் லாரி உண்டு, நெரிசல் உண்டு. அங்கே நான் காரின் குளிரில் பாட்டுக் கேட்டபடி அலுத்துக்கொள்வேன். இங்கே முழங்காலில் ஒரு அம்மாளின் மீன்கூடை, மூக்கில் டீசல் புகை.

"எப்பண்ணா நகரும்?" என்றேன் ஆட்டோக்காரரிடம்.

"அது நகர்ற அன்னிக்கி நகரும்மா. நீ இன்னா ஊருக்குப் புச்சா?"

புதிதுதான் போல. இறங்கி நடந்தேன். கல்மண்டபம் பக்கம் வந்தபோது செருப்பின் வார் அறுந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு கால் தார்ச் சூட்டில் வேக, வார்டுக்குள் நுழைந்தபோது மணி ஐந்தே கால். அண்ணன் என் காலைப் பார்த்துச் சிரித்தான். நான் வந்ததிலிருந்து அவன் சிரித்தது அப்போதுதான்.

"வேளாங்கண்ணிக்கு நட்ந்தே போறியா இன்னா?"

சிரிப்பு இருமலாகி, இருமல் வலியாகியது. அண்ணி முதுகைத் தடவினாள். வலி அடங்கியதும் அவன் என்னை அருகில் கூப்பிட்டான்.

"நாளைக்குத்தானே கெளம்பறே? மாதா கைல எனக்கும் ஒரு மெழுவத்தி ஏத்து. அவசரப்பட்டு ஓடியாராத. ரெண்டு நாள் நின்னு பூச பாத்துட்டு வா."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல? மாடிப்படியில் அண்ணியைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணி, எனக்கு இருக்கறதே அஞ்சு நாள். அதுல ரெண்ட இந்தப் பொய்க்குக் குடுக்கணுமா? அவன்கிட்ட சொல்லிடலாம்."

"சொல்லிட்டு நீ ஏரோப்ளேன் ஏறிடுவே. அப்பால தினம் அவர் மூஞ்சிய பாக்கப் போறது நானு." அவள் குரலை உயர்த்தவில்லை. "ராவுல கண்ண மூடறதுக்கு பயந்துகினு ஒருத்தர் படுத்துனு கீறத நீ பாத்துக்கீறியா? எங்கப்பாவ நான் பாத்தேன்."

அதற்குமேல் பேச எனக்கு யோக்கியதை இல்லை. இருபத்து நாலு மணி நேரமும் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிடப்பவள் அவள். நிஜமாகவே வேளாங்கண்ணிக்குப் போய்விடலாமா என்று யோசித்தேன். அத்தனை தூரம் போயிருக்கும்போது அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்தப் பயத்தில், அண்ணியின் தங்கை லூர்து வீட்டில் இரண்டு நாள் ஒளிந்திருப்பது என்று முடிவாயிற்று. லூர்து இருப்பது எண்ணூர் முகத்துவாரத்தின் ஓரம் நெட்டுக்குப்பத்தில்.

அன்று மாலை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெரு வண்டிக்கடையில் அத்தோ சாப்பிட்டேன். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். முட்டைக்கோஸும் வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். சின்ன வயதில் அண்ணன் அவன் பங்கை முடித்துவிட்டு என் தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கிள்ளானில் விதவிதமாய் 'மீ' என்கிற நூடுல்ஸ் கிடைக்கிறது, இந்தப் புளிப்பு மட்டும் இல்லை. பாதித் தட்டுக்கு மேல் இறங்கவில்லை. "நல்லா இல்லியாக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் நெட்டுக்குப்பம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, நிமிர்ந்தால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். லூர்துவின் வீட்டுத் தின்பண்ட டப்பா மூடியில்கூட சாம்பல் படிந்திருந்தது. அவள் கொடியில் கிடந்த துணிகளை உதறிவிட்டுத்தான் மடித்தாள், நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மறுபடி உதறினாள். அவள் வீட்டுக்காரர் ஆற்றில் வலை போட்டு வந்திருந்தார். கூடையின் அடியில் நாலு நண்டும் கைப்பிடி இறாலும் கிடந்தன.

"முன்னெல்லாம் இந்தக் கூடைய ரெண்டு ஆளு தூக்குவாங்க" என்று சொல்லிவிட்டு அவர் படுக்கப் போய்விட்டார்.

அந்த நாலு நண்டையும் லூர்து எனக்கே குழம்பு வைத்தாள். விருந்தாளி என்று மரியாதை. நான் இருப்பது விருந்தா, ஒளிவா என்று எனக்கே தெரியவில்லை. தின்றுவிட்டுக் கடற்கரையில் போய் உட்கார்ந்தேன். மணி நாலு ஆனது. இப்போது வார்டின் கதவைத் திறந்திருப்பார்கள். யார் யாரோ யார் யாரையோ பார்க்க ஆரஞ்சுப் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு நுழைவார்கள். நான் ஒரு கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் உட்கார்ந்து மணலைக் கிளறிக்கொண்டிருந்தேன். என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

நாலரைக்குப் போன் அடித்தது. அண்ணன்.

"எங்க கீறே?"

"கோயிலாண்ட."

"அல சத்தம் கேக்குது."

"கடல்கிட்ட நிக்கறேண்ணா."

அவன் மூச்சு மட்டும் கேட்டது. நானும் பேசாமல் போனைக் கடல் பக்கமாகப் பிடித்தேன். அலை வந்து வந்து விழுந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியவில்லை. "சரி, பத்திரம்" என்று சொல்லி வைத்துவிட்டான். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வலை பிரித்துக்கொண்டிருந்தவர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான்காம் நாள் விடியும் முன்பே அண்ணி போன் பண்ணினாள். அவர் மீன் குழம்பு கேட்கிறார், டாக்டர் எது கேட்டாலும் கொடுக்கச் சொல்லிவிட்டார், ஆஸ்பத்திரியை விட்டுத் தன்னால் நகர முடியவில்லை என்றாள். நெட்டுக்குப்பத்துப் பெண்கள் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகும் ஆட்டோவில் நானும் தொற்றிக்கொண்டேன். நான் வேளாங்கண்ணியில் அல்லவா இருக்கிறேன்? அதனால் முக்காடு போட்டு, முகக்கவசமும் மாட்டிக்கொண்டேன்.

காசிமேட்டில் நேரம் போதாது என்பதுபோல எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். விசைப்படகுகள் மூக்கோடு மூக்கு உரசி நின்றன. ஐஸ் உடைக்கும் சத்தம், ஏலக் குரல், காலடியில் கருப்புத் தண்ணீர். ஓரத்தில் தட்டு வைத்திருந்த ஒரு அம்மாளிடம் வஞ்சிரம் விலை கேட்டேன். அவள் சொன்ன விலைக்கு எனக்குக் கோபம் வந்துவிட்டது. கிள்ளான் சந்தையில் விலை சொன்னால் வாங்குவோம் அல்லது நகர்வோம். இங்கே வந்து நின்றதும் என் வாய் முப்பது வருஷம் பின்னால் போய்விட்டது.

"இன்னா, மீனுக்குச் சொல்றியா, படகுக்குச் சொல்றியா?" என்றேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "இது சூசை தங்கச்சி வாயாச்சே. ஏய், பிலோமி தானே நீ?"

கஸ்தூரி. எங்கள் பழைய தெருவில் நாலு வீடு தள்ளி இருந்தவள். முகத்தை மூடிக்கொண்டு வந்த எனக்கு வாயை மூடிக்கொள்ளத் தெரியவில்லை. ஓரமாகக் கூட்டிப் போய் விஷயத்தைச் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

"நான் யாராண்ட சொல்லப் போறேன்" என்றாள். நடு முறியாகப் பார்த்து நறுக்கித் தந்தாள். "சூசைக்குன்னு சொல்லி எட்தும் போ. இந்த மாதிரி மீன் அவன் துன்னு நாளாயிருக்கும்."

குழம்பை லூர்து வைத்தாள். அவள் வீட்டுக்காரர் தூக்குவாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். குழம்பு போன இடத்துக்கு நான் போக முடியவில்லை.

ஐந்தாம் நாள். இரவு எனக்கு விமானம். அண்ணி முந்தைய வருஷம் வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்து வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் வைத்திருந்த எண்ணெய்ப் புட்டியைத் துடைத்துக் கையில் எடுத்துக்கொண்டேன். நாலு மணிக்குக் கதவு திறந்ததும் முதல் ஆளாக நுழைந்தேன். இரண்டு நாளில் அவன் இன்னும் கொஞ்சம் காணாமல் போயிருந்தான். அண்ணி பிளாஸ்கை எடுத்துக்கொண்டு காபி வாங்கக் கீழே போனாள்.

"மொட்ட போட்ல?" என்றான்.

"பூ முடிதான் குடுத்தேண்ணா."

"மெழுவத்தி?"

"ஏத்தினேன். மூணு."

அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். பிடியில் பலம் இல்லை.

"நேத்து சாய்ந்தரம் ரெஜினா கீழ போயிருந்தப்ப கஸ்தூரி வந்திருந்தா. ரொட்டி வாங்கியாந்தா. 'உன் தங்கச்சி எடுத்தும் போன வஞ்சிரம் எப்டி இருந்திச்சி, நடுமுறி தானே குட்தேன்'னு கேக்கறா. கேட்டுட்டு நாக்கக் கட்ச்சிகினா. அப்பால எண்ணூர்ல நீ கீறதையும் சொல்லிட்டா."

மீனைப் புகழ்ந்து ஒரு வார்த்தை கேட்காமல் அவளால் திரும்பிப்போக முடிந்திருக்காது. எனக்குத் தலை நிமிரவில்லை.

"நீ இந்த வார்டு வாசல்ல வந்து நின்ன பாரு, அப்பவே எனக்குத் தெரியும் பிலோமி. அதுக்கு முன்னாலயும் தெரியும். வூட்ல ஒருத்தரும் கீழாநெல்லினு வாயே தெறக்கல. நேத்து கேட்டதும் மீன் கொயம்பு வேற, காமாலக்காரனுக்கு எவனாச்சும் அத்த ஊத்துவானா? நான் இன்னா கொயந்தையா?"

"அப்ப ஏண்ணா என்னைப் போகச் சொன்னே?"

"நீதானே வேளாங்கண்ணினு சொன்னே. போவாம நீ இங்கயே குந்திகினு இருந்து, நானும் ஏன் போவலனு கேக்காம இருந்தா, எனக்குத் தெரிஞ்சி போச்சினு ரெஜினா கண்டுபுட்ச்சிடுவா. அவளுக்குத் தெம்பே அந்தப் பொய்தான். எனக்கு ஒண்ணியும் தெரியாதுனு நெனச்சிகினுதான் ஓடிகினு கீறா. அத்தொட்டு போவச் சொன்னேன்." மூச்சு வாங்கினான். "நெசமாவே பூட்டேனு நெனச்சேன். எண்ணூர்ல கீறேனு தெரிஞ்சிருந்தா..."

பக்கத்துக் கட்டிலில் லாரிக்காரர் அம்மாவிடம், சாமான் வந்துவிட்டது, இனி நாலே நாள்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அவன் கைமேல் நெற்றியை வைத்துக்கொண்டேன். இரண்டு நாள். பார்வையாளர் நேரக் கணக்கில் நாலு மணி நேரம். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துப் படுத்திருக்க, நான் இரண்டு பஸ் தூரத்தில் மணலைக் கிளறிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ரெஜினா கைல சொல்லாத" என்றான். "எப்பவும்."

அண்ணி காபியோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், சமாளிக்கும் குரலில் கொஞ்சம் உரக்கவே கேட்டாள்.

"இன்னா பிலோமி, வேளாங்கண்ணில கூட்டமா?"

அண்ணன்தான் பதில் சொன்னான்.

"நல்ல கூட்டமாம். மூணு மெழுவத்தி ஏத்திக்கீறா. எண்ண கூட எட்தாந்துக்கீறா பாரு."

அண்ணி நிம்மதியாகச் சிரித்தாள். நான் புட்டியைத் திறந்து அவன் நெற்றியில் சிலுவை போட்டேன். மார்பில் தடவினேன், பாதத்தில் தடவினேன். எண்ணெய் பழையதாகிச் சிக்கு வாடை வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். காவலாளி வந்து ஒவ்வொரு கட்டிலாகக் கெஞ்சினார். எங்கள் கட்டிலுக்கு வந்தபோது மட்டும் ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போனார்.

கிள்ளானுக்குத் திரும்பிய பதினாறாம் நாள் செய்தி வந்தது. பள்ளி நடந்துகொண்டிருந்தது, நான் போகவில்லை. அண்ணிக்குப் பத்திரிகை படிக்கும் பழக்கம் இல்லை, அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் அண்ணி போன் பண்ணினாள். குரல் கட்டியிருந்தது.

"நாம அந்தப் பொய்ய சொன்னது நல்லதாப் போச்சி பிலோமி. கடைசி வரிக்கும் அவருக்கு ஒண்ணியும் தெரியாது. பயமே இல்லாம பூட்டாரு."

"ஆமா அண்ணி" என்றேன்.